ஆரஞ்ச் பை போர்டில் லினக்ஸ்: ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பரிடமிருந்து பழைய ஆரஞ்ச் பை பிசி போர்டு ஒன்று, அதாவது ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர், உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. உபுண்டு லினக்ஸின் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை (நிறுவுவதற்கான கோப்பை) இறக்கி, லேப்டாப்புக்குப் பென் டிரைவ் தயார் செய்வது போலவே மெமரி கார்டில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். டிவியில் ஒன்றும் வரவில்லை. ஆர்ம் சிப் அல்லவா என்று யோசித்து, பெயரில் 'ஆர்ம்64' என்றிருந்த இன்னொரு ஐஎஸ்ஓவையும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அப்போதும் அதே கதை. போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. போர்டு செத்துவிட்டதா, வேறு எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடலாம், ஓடினால் எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இந்தப் போர்டில் இருக்கிற இரண்டு விளக்குகளுமே மின்சாரம் வந்தவுடன் தானாக எரிகிறவை அல்ல. மென்பொருள் ஓடத் தொடங்கி, அது சொன்னால்தான் எரியும். சரியான கார்டு இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் கல் மாதிரிக் கிடக்கும். புதிதாக வாங்கியவர்கள் பாதிப் பேர் இதைப் பார்த்துப் பயந்துபோய்த் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் முதலில் ஒன்று கேட்க வேண்டும்: மின்சாரம் எந்தத் துளையில் கொடுத்தீர்கள்? போர்டில் மைக்ரோ யுஎஸ்பி துளை ஒன்று இருக்கிறது. போன் சார்ஜர் அதில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அதன் வழியாக இந்தப் போர்டு மின்சாரம் எடுக்காது. பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டத் துளை இருக்கும், அதுதான் வாசல். வெளிவிட்டம் 4.0 மிமீ, உள்ளே 1.7 மிமீ. சாதாரண அடாப்டர்களில் வருகிற தடித்த முனை இதில் நுழையாது. பழைய சோனி பிஎஸ்பி கேம் கருவியின் சார்ஜர் முனை இதே அளவுதான். யுஎஸ்பியிலிருந்து அந்த முனைக்கு வருகிற ஒயர் கடைகளில் கிடைக்கும். 5 வோல்ட், குறைந்தது 2 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரைத் தப்பித் தவறிக்கூட அதில் செருகிவிடாதீர்கள். அதைச் செய்தால் போர்டு உண்மையாகவே செத்துவிடும்.

மின்சாரம் சரியாகத்தான் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் அந்த இரண்டு ஐஎஸ்ஓவும் ஓடியிருக்காது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் ஐஎஸ்ஓ இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கானது. அந்தக் கட்டளைகள் ஆர்ம் சிப்புக்குப் புரியாது, அதோடு முடிந்தது. இரண்டாவதுதான் நிறையப் பேர் விழுகிற பள்ளம். உங்கள் போர்டில் இருப்பது ஆல்வின்னர் எச்3 சிப். அதற்குள் நான்கு கார்டெக்ஸ்-ஏ7 கோர்கள் இருக்கின்றன. கார்டெக்ஸ்-ஏ7 என்பது ஆர்ம்வி7 தலைமுறை, அதாவது 32 பிட். ஆர்ம்64 என்றால் 64 பிட் ஆர்ம். இரண்டுக்கும் ஆர்ம் என்றுதான் பெயர், கட்டளை மொழி வேறு. உங்களுக்கு வேண்டியது டெபியன் லினக்ஸ் உலகத்தில் 'ஆர்ம்எச்எஃப்' என்று சொல்கிற வகை. எந்தப் போர்டு வாங்கினாலும் சிப்பின் பெயரையும், அது 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சிப் 64 பிட்டாகவே இருந்திருந்தால் அந்த ஐஎஸ்ஓ ஓடியிருக்குமா? பெரும்பாலும் அப்போதும் ஓடியிருக்காது. இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உங்கள் லேப்டாப்பின் மதர்போர்டிலேயே யுஇஎஃப்ஐ என்ற மென்பொருள் எரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆன் செய்ததும் ரேமைத் தயார் செய்வது, திரையை எழுப்புவது, பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று தேடுவது எல்லாம் அதன் வேலை. பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுந்ததும், 'இந்தப் பெட்டியில் என்னென்ன பாகங்கள் எங்கெங்கே இருக்கின்றன' என்ற விவரமும் அதற்குக் கிடைத்துவிடும். அதனால்தான் ஒரே ஐஎஸ்ஓவை எந்தக் கம்பெனி லேப்டாப்பில் போட்டாலும் ஓடுகிறது. ஆர்ம்64 ஐஎஸ்ஓவும் அப்படிப்பட்ட யுஇஎஃப்ஐ இருக்கும் என்று நம்பித்தான் தயாரிக்கப்படுகிறது. ஆம்பியர் என்ற கம்பெனியின் சிப் போட்ட சர்வர்களிலும், ஆப்பிள் எம் வரிசை மேக்குக்குள் ஓட்டுகிற விர்ச்சுவல் மெஷினிலும் அது அழகாக ஓடும்.

உங்கள் போர்டில் அப்படி எதுவும் கிடையாது. சிப்புக்குள்ளேயே மாற்ற முடியாதபடி பதித்த ஒரு குட்டி நிரல் மட்டும் இருக்கிறது. அதற்குக் கோப்பு தெரியாது, ஃபோல்டர் தெரியாது, பார்ட்டிஷன் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், மெமரி கார்டின் தொடக்கத்திலிருந்து சரியாக 8 கேபி தள்ளிப் போய் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. 512 பைட் செக்டர் கணக்கில் அது 16ஆவது செக்டர். அங்கே 'இகான்' என்று தொடங்குகிற ஓர் அடையாளம் இருந்தால், அதைத் தொடர்ந்து இருப்பதை எடுத்துச் சிப்புக்குள் இருக்கிற சின்ன நினைவகத்தில் போட்டு ஓட்டும். எஸ்பிஎல் என்கிற அந்தத் துண்டு 32 கேபிக்குள் அடங்கியாக வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் உங்கள் 1 ஜிபி ரேமே இன்னும் உயிர் பெற்றிருக்காது. ரேமை எழுப்புவதுதான் எஸ்பிஎல்லின் முதல் வேலை. எழுப்பிய கையோடு, கார்டில் 40 கேபி தள்ளி இருக்கிற முழு யு-பூட் நிரலை (லினக்ஸைத் தொடங்கி வைப்பது இதுதான்) ரேமில் ஏற்றும். பச்சை விளக்கு எரிவது, டிவியில் முதல் எழுத்து தெரிவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கர்னல் எழுந்ததும் அடுத்த சிக்கல் வரும். இந்த போர்டின் விளக்கு எந்த முனையில் இருக்கிறது, நெட்வொர்க் சிப் எந்த முகவரியில் இருக்கிறது என்பதைக் கர்னலுக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு காலத்தில் இதையெல்லாம் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாகக் கர்னல் கோடுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். அது குப்பையாகக் குவிந்து, 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே ஆர்ம் பக்கத்துக் கோடைப் பார்த்து வெளிப்படையாக எரிந்து விழுந்தார். அதன் பிறகுதான் டிவைஸ் ட்ரீ முறை ஆர்ம் பக்கம் வேரூன்றியது. பவர்பிசி என்ற வேறு வகைச் சிப்புகளின் உலகத்தில் அது முன்பே புழக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சின்ன விவரக் கோப்பு; அதைக் கர்னலோடு சேர்த்து யு-பூட் கையில் கொடுத்துவிடும். தப்பான போர்டின் கோப்பைக் கொடுத்தால் பூட் ஆனாலும் ஆகும், ஆனால் நெட்வொர்க் வராது, யுஎஸ்பி வேலை செய்யாது.

இதனால்தான் போர்டு உலகத்தில் யாரும் ஐஎஸ்ஓவைத் தேடுவதில்லை. 'என் போர்டுக்கு இமேஜ் இருக்கிறதா' என்றுதான் தேடுவார்கள். அந்த இமேஜ் ஏற்கெனவே நிறுவி முடித்த சிஸ்டத்தின் நகல். 8 கேபியில் எஸ்பிஎல், பிறகு யு-பூட், அதற்குப் பின்னால் லினக்ஸ் பார்ட்டிஷன், அதற்குள் சரியான டிவைஸ் ட்ரீ என எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்குகிற படி இங்கே கிடையாது. டெபியன் ஆர்ம்எச்எஃப் நிறுவியைக் கார்டில் போடுகிற வழியும் உண்டு. போர்டுக்கான துண்டையும் பொதுவான துண்டையும் ஒட்டி ஒரே இமேஜாக்கி எழுத வேண்டும். முதல் முறைக்கு அது வேண்டாம்.

உங்கள் போர்டுக்கு நான் சொல்வது ஆர்ம்பியன். போர்டுகளுக்கென்றே டெபியனையும் உபுண்டுவையும் தைத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் தளத்தில் போர்டின் பெயரைத் தேடுங்கள். 'ஆரஞ்ச் பை பிசி' என்று இருக்க வேண்டும். 'பிசி பிளஸ்', 'பிசி 2' எல்லாம் வேறு. பிசி 2 அண்ணன் தம்பி போலத் தோன்றும், ஆனால் அதில் இருப்பது எச்5, 64 பிட். போர்டைத் திருப்பி அதில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டே இறக்குங்கள். டெஸ்க்டாப் வேண்டாம், மினிமல் அல்லது சர்வர் வகையை எடுங்கள். 1 ஜிபி ரேமில் பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் போர்டு திணறிவிடும். ஆரஞ்ச் பை தயாரித்த கம்பெனியே கொடுக்கிற இமேஜ்களும் உண்டு. இந்த போர்டுக்கு அவை பழைய கர்னலில் நின்றுபோனவை. எச்3ஐ இன்றைய கர்னலில் ஓட வைத்தது லினக்ஸ்-சன்ஷி என்ற தன்னார்வலர் கூட்டம்தான், அவர்கள் உழைப்பு ஆர்ம்பியனில் இருக்கிறது.

இறக்கியது எக்ஸ்இசட் சுருக்கத்தில் இருக்கும். பலேனா எட்சர் என்ற கார்டு எழுதும் நிரலில் விரிக்காமலேயே கொடுக்கலாம், அதுவே விரித்து எழுதி, எழுதியதைச் சரிபார்த்தும் விடும். லினக்ஸில் 'டிடி' கட்டளை பயன்படுத்துகிறவரானால், கார்டைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் 'எல்எஸ்பிஎல்கே' ஓட்டி, புதிதாக வந்த பெயர் எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் வெளி ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தை நானே ஒருமுறை அழித்திருக்கிறேன். அதில் அக்கா கல்யாண போட்டோக்கள் இருந்தன. அக்காவிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

எழுதி முடித்தவுடன் விண்டோஸ் ஒரு குறும்பு செய்யும். 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டுமா' என்று கேட்கும். கார்டில் இருப்பது லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன், விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால் காலி என்று நினைத்துக்கொள்கிறது. கேன்சல் செய்துவிட்டுக் கார்டை உருவிக்கொள்ளுங்கள். 'கார்டு கெட்டுவிட்டது போல' என்று சரி கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொரு நுணுக்கம், பின்னால் பார்ட்டிஷனோடு விளையாடும் ஆசை வந்தால் உதவும். பார்ட்டிஷன் விவரத்தைக் கார்டில் எழுதி வைக்க எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு முறைகள் உண்டு. கார்டை ஜிபிடி முறைக்கு மாற்றாதீர்கள். ஜிபிடியின் அட்டவணை 2ஆவது செக்டரிலிருந்து 33ஆவது செக்டர் வரை உட்காரும். எஸ்பிஎல் இருப்பது 16ஆவது செக்டரில். ஒன்றின் மேல் இன்னொன்று ஏறிவிடும், போர்டு மறுபடி கல்லாகிவிடும். எச்3 முதல் வந்த சிப்புகள் 128 கேபியிலும் ஒருமுறை எட்டிப் பார்க்கும் என்பதால் அதற்கும் வழி உண்டு, ஆனால் சாதாரண எம்பிஆரோடு இருப்பதில் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 32 ஜிபி கார்டு வாங்கினேன். எட்சர் எழுதியது, சரிபார்த்தது, பச்சை டிக் கொடுத்தது. போர்டும் பூட் ஆனது. மூன்றாம் நாள் கோப்புகள் ஒவ்வொன்றாகக் குப்பையாக மாறத் தொடங்கின. சோதித்தால் கார்டின் உண்மையான அளவு 8 ஜிபிகூட இல்லை, 32 என்று பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். எட்சர் ஏன் கண்டுபிடிக்கவில்லை? இமேஜ் 2 ஜிபிக்குள்தான், அது உண்மையான பகுதியிலேயே அடங்கிவிட்டது. முதல் பூட்டில் ஆர்ம்பியன் பார்ட்டிஷனைக் கார்டு முழுவதற்கும் விரித்துவிடும். அதன் பிறகு எழுதுவதெல்லாம் இல்லாத இடத்துக்குப் போகிறது. அன்றிலிருந்து புதுக் கார்டு எது வந்தாலும், லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்த பிறகே போர்டுக்குள் விடுகிறேன்.

இப்போது பூட். இந்த மாடலில் வைஃபை கிடையாது, ரூட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிள் போடுங்கள். கார்டைச் செருகி, கடைசியாக மின்சாரம் கொடுங்கள். சில நொடிகளில் பச்சை விளக்கு வந்தால் யு-பூட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், பாதி வேலை முடிந்தது. முதல் முறை கொஞ்சம் நேரம் எடுக்கும், பார்ட்டிஷன் விரிகிற நேரத்தில் பிடுங்கிவிடாதீர்கள். பிறகு ரூட்டர் பக்கத்தில் போய் புதிதாக வந்த ஐபி முகவரி எது என்று பார்த்து, எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைகிற முறை) வழியாக 'ரூட்' என்ற பெயரிலும் 1234 என்ற பாஸ்வேர்டிலும் நுழையுங்கள். உடனே புதுப் பாஸ்வேர்டும், உங்களுக்கென ஒரு சாதாரண யூசரும் கேட்கும். கொடுத்துவிட்டால், நிறுவல் என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான்.

விளக்கு வரவில்லை, அல்லது வந்தும் ஐபி வரவில்லை என்றால் ஊகித்துக்கொண்டு டிஸ்ட்ரோ மேல் டிஸ்ட்ரோவாக மாற்றிப் பார்க்காதீர்கள். போர்டு சீரியல் வழியாகச் சொல்வதைக் கம்ப்யூட்டரில் படிக்க யுஎஸ்பி-டிடிஎல் என்று ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும், சிபி2102 அல்லது சிஎச்340 சிப் போட்டது, ஒரு பிரியாணி விலைதான். 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். போர்டில் தனியாக மூன்று ஊசிகள் நிற்கும், பக்கத்தில் ஜிஎன்டி, ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்று அச்சடித்திருக்கும். ஜிஎன்டியை ஜிஎன்டியோடும், ஒன்றின் டிஎக்ஸை மற்றதன் ஆர்எக்ஸோடும் இணையுங்கள். அடாப்டரின் மின்சார ஒயரைத் தொடவே வேண்டாம். கம்ப்யூட்டரில் புட்டி அல்லது மினிகாம் என்ற நிரலைத் திறந்து 115200 வேகம் வைத்துவிட்டு போர்டை ஆன் செய்யுங்கள். டிவி எழுவதற்கு வெகுமுன்பே போர்டு பேசத் தொடங்கிவிடும்.

எங்கே பேச்சு நிற்கிறது என்பதில்தான் நோய் இருக்கிறது. ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால் 8 கேபியில் எஸ்பிஎல் இல்லை, அல்லது கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது மின்சாரமே வரவில்லை. எஸ்பிஎல் என்ற வரி வந்து, ரேம் அளவு சொல்லும் இடத்தில் நின்றால் வேறு போர்டின் இமேஜ், அல்லது மின்சாரம் தள்ளாடுகிறது. 'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்ற வரியோடு நிசப்தம் என்றால் டிவைஸ் ட்ரீயைச் சந்தேகப்படுங்கள். கர்னல் நிறையப் பேசிவிட்டு ரூட் டிவைஸுக்காகக் காத்திருக்கிறேன் என்று நின்றால், கார்டின் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்று பொருள். புதிதாக எழுதிப் பாருங்கள், இல்லையேல் கார்டை மாற்றுங்கள்.

நான் பார்த்தவரை போர்டு நோய்களில் பெரும்பாலானவை மின்சார நோய்கள். சார்ஜரில் 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், மெலிந்த ஒயரின் கடைசி முனைக்கு வரும்போது 5 வோல்ட் 4.6 ஆகியிருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் 40 ஊசி வரிசையில் 2ஆவது ஊசிக்கும் 6ஆவது ஊசிக்கும் நடுவே, போர்டு ஓடும்போதே அளந்து பாருங்கள். பக்கத்து ஊசியில் முனை சறுக்காமல் இருக்கட்டும்.

ராஸ்பெர்ரி பை என்ற இதே போன்ற போர்டு வைத்திருக்கிற நண்பர் 'எனக்கு இதெல்லாம் வரவில்லையே' என்பார். உண்மைதான், அதன் பாதை வேறு. அங்கே முதலில் எழுவது கிராபிக்ஸ் பகுதி. அதற்கு ஃபேட்32 பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியும், அதனால் பூட் கோப்புகளை விண்டோஸிலேயே திறந்து திருத்தலாம். பை 4இல் இரண்டாம்கட்ட பூட் நிரல் போர்டிலேயே ஒரு சின்ன சிப்பில் இருக்கிறது. கோளாறு என்றால் பச்சை விளக்கு எண்ணிக்கையில் சொல்லும்: 4 முறை மினுக்கினால் ஸ்டார்ட் கோப்பு காணவில்லை, 7 முறை என்றால் கர்னலைக் காணவில்லை. அங்கே இன்று அதிகம் பேர் மாட்டுவது வேறிடத்தில். 'பை', 'ராஸ்பெர்ரி' என்ற பழைய யூசரும் பாஸ்வேர்டும் 2022 ஏப்ரலோடு எடுக்கப்பட்டுவிட்டன. கார்டு எழுதுகிற ராஸ்பெர்ரி பை இமேஜர் நிரலிலேயே யூசரை உருவாக்கி, வைஃபைக்கு நாட்டையும் குறித்துவிட வேண்டும்.

உங்கள் போர்டுக்குத் திரும்புவோம். உள்ளே நுழைந்ததும் முதல் அப்டேட்டிலேயே 'இந்த ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று விசித்திரமாகத் திட்டினால் மிரளாதீர்கள். போர்டில் கடிகார பேட்டரி இல்லை. மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். அதற்கு இன்னும் பழைய தேதிதான் ஓடிக்கொண்டிருக்கும். நெட் கிடைத்து நேரம் சரியானதும் அடங்கிவிடும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நிலை வந்தவுடன் ஆர்ம்பியன்-கன்ஃபிக் மெனுவில் போய்க் கர்னல் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். மற்ற பேக்கேஜ்கள் அப்டேட் ஆகட்டும், கர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் மட்டும், கார்டை நகல் எடுத்து வைத்த பிறகு, நீங்களாகத் தொடுங்கள். சிப் நன்றாகச் சூடாகும், சூட்டை வெளியேற்றுகிற பத்து ரூபாய் அலுமினியச் சீப்பு (ஹீட் சிங்க்) ஒன்றை மேலே ஒட்டிவிடுங்கள். மின்வெட்டு அடிக்கடி வருகிற வீடு என்றால் ரூட்டருக்கு வைக்கிற மினி யுபிஎஸ்களில் 5 வோல்ட் வெளியீடு உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது மெமரி கார்டுக்கு ஆகவே ஆகாது.

எதற்குப் பயன்படுத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். விளம்பரம் தடுக்கிற பை-ஹோல், வீட்டுக்குள் கோப்பு பகிர சாம்பா, சின்ன வெப் சர்வர், இவற்றுக்கு தாராளம். மூன்று யுஎஸ்பி துளைகளும் தனித்தனிப் பாதை கொண்டவை, நெட்வொர்க்கும் தனி. அதே காலத்து ராஸ்பெர்ரி பை 3இல் இவை எல்லாம் ஒரே யுஎஸ்பி பாதையில் நெருக்கிக்கொண்டிருந்தன. நெட்வொர்க் 100 எம்பிபிஎஸ்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 32 பிட் என்பதற்காக இப்போதே தூக்கிப் போட வேண்டியதில்லை. டெபியன் 13 ஆர்ம்எச்எஃப்ஐ இன்னும் வைத்திருக்கிறது, 2038ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலுக்காக அதன் நேரக் கணக்கையும் 64 பிட்டாக மாற்றிவிட்டார்கள்.

முதலில் அந்த வட்டத் துளை, அப்புறம் ஆர்ம்பியன் இமேஜ். இரண்டும் சரியாக இருந்தும் விளக்கு வரவில்லை என்றால், இறக்கிய இமேஜின் முழுப் பெயரையும் சீரியலில் வந்த கடைசிப் பத்து வரிகளையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.